பத்து வாளி

காய வைக்கிறாங்க. வேணும்னே காய வைக்கிறாங்க, மொட்டமாடியில வத்தலப் போட்ட மாதிரி. பதினொண்ணு பத்துக்கு வரச் சொன்னது யாரு, எச்ஓடி. பதினொண்ணு எட்டுக்கே வந்து நின்னது யாரு, குருலட்சுமி. இப்ப மணி பதினொண்ணு இருவது. இந்த இரும்பு பெஞ்சச் செஞ்சவன் மனுசன் உக்காரச் செய்யல, உக்காந்தவன் எந்திரிச்சு ஓடச் செஞ்சிருக்கான், ஓட்ட ஓட்டயா, தொடையில அச்சு விழுகுது. எதுத்தாப்புல நோட்டீஸ் போர்டு, கண்ணாடிக்குப் பின்னால அவ பேரே தொங்குது, ‘துறையின் பெருமை, இறுதியாண்டு மாணவி சு. குருலட்சுமி உருவாக்கிய ஹால் டிக்கெட் வலைத்தளம்’னு, கூட அவ போட்டோ, சிரிக்காத போட்டோ, ‘கொஞ்சம் சிரிம்மா’ன்னு போட்டோக்காரரு கெஞ்ச, ‘எதுக்கு’ன்னு அவ கேட்ட நொடியில எடுத்தது. அந்தப் பெருமதான் இன்னைக்குக் காலையில மண்ணக் கவ்வுச்சு. ஆறு மணிக்குத் தெறந்த சைட்டு, ஆறு நாலுக்குப் படுத்துருச்சு. நாலே நிமிஷம். நாளைக்குப் பரிச்ச, ஆயிரத்து எரநூறு பேரு ஹால் டிக்கெட் எடுக்கணும், தெறந்தா வெள்ளத் திரையில ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே கெடக்கு. ஏழு மணிக்குள்ள ஹாஸ்டல்ல அவ ரூம் கதவ முப்பது பேரு தட்டிட்டாளுங்க. “ஏ குரு, ஒன் பெரும எந்திரிக்க மாட்டேங்குதுடி, தண்ணி தெளிச்சுப் பாரு”ன்னு ஒருத்தி. தண்ணி தெளிக்கணுமாம். யாரு மூஞ்சியில தெளிக்கணும்னு அவளுக்குத் தெரியும். அந்த மூஞ்சி இப்ப உள்ள இருக்கு, ஏசி ரூம்ல, இவ வெளிய.

உள்ள இருக்குறது தவசிலிங்கம். லேப் டெக்னீஷியன், பதினாலு வருஷமா கான்ட்ராக்ட்டு, ஜூன் மாசம் வந்தா ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டு வாங்கணும், அப்பத்தான் அடுத்த ஜூன் வரைக்கும் வேல. சர்வர் ரூம் சாவிக்கொத்து எப்பவும் அவரு இடுப்புல ஜல்ஜல்னு கெடக்கும், வராண்டாவுல மாடு வருதுன்னு பசங்க சொல்லுவானுங்க. பிளைவுட் தடுப்புக்கு அங்கிட்டு இருந்து எச்ஓடி டாக்டர் செல்வின் சார் கொரல் மட்டும் வருது, “ரெஸ்பான்சிபிலிட்டி” வருது, “பிரின்சிபல்” வருது, “பன்னெண்டு மணிக்குள்ள” வருது. தவசிலிங்கத்தோட கொரல் வரவே இல்ல. பேச வேண்டியதுதான, வாயில என்ன கொழுக்கட்டையா, தப்பில்லன்னா தப்பில்லன்னு சொல்லணும், தப்புன்னா தப்புன்னு சொல்லணும், இப்படி ஊமையா நிக்கிறவங்களப் பாத்தாலே அவளுக்குப் பத்திக்கிட்டு வரும். எழுதிக் குடுத்துருக்கா ரெண்டு பக்கம். கிளாஸ்ல நாப்பத்தியோரு பேரு கையெழுத்து. சர்வர் அவரு பொறுப்புல இருக்கு, டேட்டாபேஸுக்கு ஒரே நேரத்துல பத்து கனெக்ஷனுக்கு மேல போகக்கூடாதுன்னு பூட்டு போட்டது அவரு, நூறாக்குங்கன்னு பிப்ரவரியிலயே கேட்டும் மறுத்தது அவரு, ஆகவே நாங்கள் தாழ்மையுடன் வேண்டுவது. தாழ்மையாம். அந்த வார்த்தைய எழுதும்போதே கையி கூசுச்சு. தாழ்மையெல்லாம் இல்ல, அந்தாள மாத்துங்க, அவ்வளவுதான். பன்னெண்டு மணிக்கு பிரின்சிபல் அந்த லெட்டர வச்சுத்தான் கையெழுத்துப் போடப் போறாரு, இந்த ஜூன் வரைக்கும்கூட இல்ல, இன்னைக்கோட சரின்னு.

பத்து. யாராவது பத்து வப்பாங்களா, ஆயிரத்து எரநூறு பேருக்கு. ஹாஸ்டல்ல மூணாவது மாடியில நாப்பது பேருக்குப் பத்து வாளி வச்சிருக்காங்கள்ல, செவப்பு வாளி, அந்தப் புத்திதான இதும். கூடப் படிக்கிற நஸீமா பாடம் புரியலன்னு அழுதப்ப இவ வாளிய வச்சுத்தான் சொல்லிக் குடுத்தா. இங்க பாருடி, டேட்டாபேஸ்ங்கிறது தொட்டி. ஒருத்தி வந்து சைட்டத் தெறந்தா, அவளுக்காக நம்ம புரோகிராம் ஒரு வாளிய எடுத்துட்டுப் போயி தொட்டியில மொண்டுட்டு வரணும், அந்த வாளிதான் கனெக்ஷன். ஒவ்வொருத்திக்கும் புது வாளி வாங்க முடியுமா, முடியாது, அதனால பத்த வாங்கி வரிசையா வச்சிருக்கோம், எடுத்தவ மொண்டு குளிச்சுட்டு அதே எடத்துல வச்சிரணும், அடுத்தவ எடுப்பா. எவளாவது வாளிய ரூமுக்குத் தூக்கிட்டுப் போயி கட்டிலுக்கடியில துணிய ஊற வச்சுட்டுத் தூங்குனான்னு வையி, ஒம்பதுதான். இன்னொருத்தி, எட்டு. பத்து பேரும் அதையே பண்ணுனா, பதினோராவது ஆளு தோள்ல துண்டப் போட்டுட்டு நிப்பா, நிப்பா, நின்னுக்கிட்டே இருப்பா. நஸீமா மூக்க ஒறிஞ்சுக்கிட்டே, “துணி ஊறப் போடுறவ நீ சொல்ற அந்த எவளாவது நாந்தான”ன்னா. “நீதான், வேற யாரு”ன்னு இவ சொன்னா. வாளி விஷயத்துல குருலட்சுமி யாரையும் விட்டதில்ல. குளியல் ரூம் செவுத்துல மார்க்கர் பேனாவால கொட்ட எழுத்துல எழுதி வச்சவளே அவதான், எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதவ குளிக்காதன்னு. யாரு எழுதுனதுன்னு வார்டன் மூணு நாளு தேடுனாங்க. மாடியில அத்தன பேருக்கும் தெரியும், ஒருத்தி வாயத் தெறக்கல, பயம்.

“ஏத்தா, கால ஆட்டாத. குடும்பத்துக்கு ஆகாது.” வாசல் ஸ்டூல்ல உக்காந்து கவர் ஒட்டிக்கிட்டிருந்த அட்டெண்டர் பஞ்சவர்ணம், நிமிரக்கூட இல்ல.

“யாரு குடும்பத்துக்குக்கா?”

“ஒன் குடும்பத்துக்குத்தான். வேற யாரு குடும்பத்துக்கு ஆகாமப் போனா ஒனக்கென்ன.” பசைய விரல்ல தொட்டு ஒரு இழுப்பு இழுத்துச்சு அது. “ரெண்டு பக்கம் எழுதிருக்கியாம்ல. நாந்தான் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தேன். இங்கிலீசு நமக்கு எங்க. தவசிலிங்கம்னு மட்டும் பதினோரு எடத்துல வருதுன்னு ஜெராக்ஸ்காரரு எண்ணிச் சொன்னாரு. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ள பேருகூட அத்தன எடத்துல வராது.”

அவ கால ஆட்டுறத நிப்பாட்டுனா. பஞ்சவர்ணக்காவுக்கு என்ன தெரியும் கனெக்ஷனப் பத்தி, வாய் மட்டும் காது வரைக்கும். பாவம் பாவம்னு சொல்லியே இந்த ஊரக் கெடுத்து வச்சிருக்காங்க, ரோடு போட்டவன் பாவம், பாலம் கட்டுனவன் பாவம், நடந்து போறவன் குழியில விழுந்து காலு ஒடஞ்சா அவன் விதி. யாராவது ஒருத்தி கேக்கணும்ல. கேட்டாத் திமிரு. ‘அண்ணே, நீங்க டிப்ளமாவா’ன்னு அன்னைக்குக் கேட்டதும் திமிருதான்னு நஸீமா சொன்னா. திமிரு இல்ல, அது ஒரு கேள்வி. பிப்ரவரியில லேப்ல வச்சு, பத்த நூறாக்குங்கண்ணேன்னு அவ கேக்க, அவரு ஸ்குரூ டிரைவரக் காதுல சொருகிக்கிட்டு, “பழைய மெஷின்மா, பத்துக்கு மேல ஒரே நேரத்துல தெறந்தா மூச்சு முட்டிரும். பத்தே தாராளம், எடுத்தத ஒழுங்காத் திருப்பிக் குடுத்துட்டா”ன்னாரு, ஏதோ இவளுக்குத் திருப்பிக் குடுக்கத் தெரியாத மாதிரி, குளியல் ரூம் செவுத்துல எழுதுனவளப் பாத்து. அதான் கேட்டா. லேப்பே சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சாரு, அதான் அவளுக்கு இன்னும் புரியல, சிரிச்சு, காதுல இருந்து ஸ்குரூ டிரைவர எடுத்து, மறுபடியும் அங்கயே சொருகிட்டுப் போனாரு. அந்தச் சிரிப்பு எதுக்கு இப்ப ஞாபகம் வருது. போ அங்கிட்டு.

ஆறு நாலு. முள்ளு மாதிரி நிக்கிறது அந்த ஆறு நாலுதான். லெட்டர்ல அவ எழுதுனது, கூட்டம் மொத்தமா வந்து விழுந்துச்சு, பத்து கனெக்ஷன் பத்தல, சைட்டு படுத்துச்சுன்னு. சரி. ஆனா ஆறு நாலுக்கு எவன் முழிச்சிருப்பான்? மெக்கானிக்கல் பசங்க எட்டு மணிக்கு முன்னால முழிச்சதா சரித்திரமே கெடையாது. ஹாஸ்டல்ல பல்லு வெளக்குறவளே ஆறரைக்குத்தான். கூட்டம் இல்லாத நேரத்துல கூட்டத்தால எப்படிப் படுக்கும்? அப்புறம் எட்டு மணிக்கு அந்தாளு வந்து சர்வர ரீஸ்டார்ட் பண்ணி விட்டாரு, ஓடுச்சு, நல்லாத்தான் ஓடுச்சு, நூறு பேருக்கு மேல டிக்கெட் எடுத்துட்டாங்க, அதான கூட்டம், அப்பப் படுக்கல, இருவது நிமிஷம் கழிச்சுப் படுத்துச்சு. திரும்ப ரீஸ்டார்ட்டு, இந்தத் தடவ பதினஞ்சு நிமிஷம். நேத்து அவ பத்து பேர வச்சு டெஸ்ட் பண்ணுனப்ப ரெண்டு மணி நேரம் விடாம அமுக்குனாளுங்க, கல்லு மாதிரி நின்னுச்சு. நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல அந்தாளு ஏதோ பண்ணிருக்காரு. சர்வர் ரூமுக்குச் சாவி அவருகிட்டத்தான. ஏதோ பண்ணிருக்காரு. என்ன பண்ணிருப்பாரு? பண்ணிருக்காரு, அவ்வளவுதான். இப்படியே ஒரு சுத்து சுத்திட்டு மறுபடியும் ஆறு நாலுலயே வந்து முட்டுது புத்தி, அந்த வெள்ளத் திரை வட்டம் மாதிரி.

“அடடே, பெரும! போர்டுலயும் இருக்க, பெஞ்சுலயும் இருக்க.”

முத்திருளன். மெக்கானிக்கல் கடைசி வருஷம், சிவகாசியில ஆப்செட் பிரஸ்ல நைட் ஷிப்ட்டு பாத்துட்டு நேரா காலேஜுக்கு வந்து கடைசி பெஞ்சுல படுக்குறவன், விரலிடுக்குல எப்பவும் நீல மை. அட்டெண்டன்ஸ் அறுபத்தெட்டு. கையில ஒரு பேப்பர், ஹால் டிக்கெட் பொறுப்பு செல்வின் சாருகிட்டங்கிறதால அவரு கையெழுத்துக்கு வந்திருக்கான்.

“போடா அங்கிட்டு, நானே கொலவெறியில இருக்கேன்.”

“இரு தாயி. ஒன் சைட்டு எனக்குப் பண்ணுன மரியாதயச் சொல்லிட்டுப் போயிர்றேன். ஆறு மணிக்கு ஷிப்ட்டு முடிஞ்சு பிரஸ் வாசல்லயே நின்னு தெறந்தேன். காலேஜுல மொத ஆளு நாந்தான். நம்பரப் போட்டேன், செவப்பா வந்துச்சு பாரு, ‘தகுதி இல்லை’ன்னு. திரும்ப அமுக்குனேன், தகுதி இல்ல. பத்து தடவ. பதினோராவது தடவ அதுக்கே வெக்கம் வந்துருச்சு போல, ஒண்ணும் சொல்லாம சுத்த ஆரம்பிச்சிருச்சு.”

“ஒரு தடவ இல்லன்னு சொன்னா ஒறைக்காதா ஒனக்கு?”

“அட்டெண்டன்ஸ் கொறவுக்கு மன்னிப்புக் கடுதாசி குடுத்து ஏத்துக்கிட்டாச்சுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, அதான் இப்ப மாறும் இப்ப மாறும்னு அமுக்குனேன்.” அவன் பேப்பர ஆட்டிக் காமிச்சான். “அதுவும் இல்லாம, இல்லன்னு சொன்ன ஒடனே திரும்பிப் போற பரம்பரையா தாயி நாம?”

“பத்தா? நல்லா எண்ணுனியா?”

“பிரஸ்ல என் பொழப்பே எண்ணுறதுதான்.” சொல்லிட்டு அவன் சார் பிஸியான்னு பஞ்சவர்ணக்காகிட்ட சைகையில கேட்டு, அது கையில இருந்த பசையக் காட்டி வெரட்ட, மதியம் வர்றேன்னு படியிறங்கிப் போயிட்டான், தான் என்ன சொன்னோம்னு தெரியாமலே.

பத்து. பதினொண்ணுல சுத்த ஆரம்பிச்சிருச்சு. குருலட்சுமி பெஞ்சுல நிமிந்து உக்காந்தா. இல்ல. இருக்காது. பத்துங்கிறது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான, பத்து தடவ சொன்னேன், பத்து பேரு வந்தாங்க, எல்லாரும் பத்துன்னுதான் சொல்லுவாங்க, ஆனா இவன் எண்ணுறவன். கண்ண மூடுனா புரோகிராம் வரி வரியா எறங்குது, அவளே எழுதுனது, மனப்பாடம். ரிஜிஸ்டர் நம்பர வாங்கு. கனெக்ஷன எடு. அட்டெண்டன்ஸப் பாரு. எழுபத்தஞ்சுக்குக் கொறவா இருந்தா தகுதி இல்லன்னு காட்டு, வெளியேறு. போதுமா இருந்தா ஹால் டிக்கெட்ட எடு, காட்டு, கனெக்ஷனத் திருப்பிக் குடு. வெளியேறு. மறுபடி பாரு. கனெக்ஷனத் திருப்பிக் குடுக்குற வரி எங்க இருக்கு, கடைசியில. வெளியேறுன்னு எங்க இருக்கு, நடுவுல. இல்லன்னு சொல்லி வெளிய அனுப்புன ஆளு கடைசி வரிக்கு வரவே மாட்டான். அவன் கையில வாளி இருக்கு. அவனுக்காக எடுத்த வாளிய யாரும் வாங்கி வைக்கல, கட்டிலுக்கடியில, இருட்டுல, ஒரு முத்திருளனுக்குப் பத்து வாளி. ஆறு நாலு. கூட்டமே வேணாம். ஒரே ஆளு போதும், இல்லன்னு சொன்னத நம்பாத ஒரே ஆளு. எட்டு மணிக்கு ரீஸ்டார்ட் பண்ணப்ப இருவது நிமிஷம் ஓடுச்சே, ஆமா ஓடும், தகுதி உள்ளவன் நூறு பேரு வந்தாலும் ஓடும், தகுதி இல்லாதவன் பத்தாவது ஆளு வர்ற வரைக்கும் ஓடும். நேத்து டெஸ்ட்டுல கல்லு மாதிரி நின்னுச்சே, நிக்காம என்ன, டெஸ்ட் பண்ணுன பத்து பேரு யாரு, மொத பெஞ்சு ரெண்டாவது பெஞ்சு, அத்தன பேரும் தொண்ணூறுக்கு மேல, காய்ச்சல்ல கெடந்தாலும் போர்வையப் போத்திக்கிட்டு கிளாஸுக்கு வர்ற ஜாதி. ஒருத்திக்குக்கூட அட்டெண்டன்ஸ் கொறவில்ல. கொறவுள்ளவன ஒருத்தனக் கூப்பிட்டு உக்கார வைக்கணும்னு தோணவே இல்ல. அவங்கள்லாம் யாரு, அவங்களுக்குச் சொல்ல ரெண்டு வார்த்ததான, அதுக்கு எதுக்கு டெஸ்ட்டு.

நஸீமா. அந்தப் பக்கத்த நஸீமாதான எழுதுனா? ஆமா, நஸீமாதான், அட்டெண்டன்ஸ் பக்கம் அவ பங்கு, கவனமில்லாத கழுத, துணி ஊற வைக்கிறவ, அவளேதான். இல்ல. ‘தள்ளு, நீ எழுதுனா விடிஞ்சிரும், நானே எழுதுறேன்’னு கீபோர்டப் பிடுங்குனது யாரு. நஸீமா அன்னைக்கு முழுக்க ஜன்னலப் பாத்துக்கிட்டு முறுக்குத் தின்னா. சரி, அப்ப எச்ஓடி, ஒரு தடவையாச்சும் கோடிங்கத் தெறந்து பாத்தாரா, கலரு மட்டும் பாத்தாரு, நீலம் போடும்மா லட்சணமா இருக்கும்னாரு. சரி, அப்ப முத்திருளன், எவன்டா பத்து தடவ அமுக்குவான், மனுசனா நீ. அமுக்குவாங்க. அமுக்குனாங்க. மொத வருஷம் அருப்புக்கோட்டையில ஒரு பிரவுசிங் சென்டர்ல, ஸ்காலர்ஷிப்புக்கு அவ நம்பரப் போட்டப்ப, அப்பா புதுச்சட்டையில பின்னால நின்னுக்கிட்டு இருந்தாரு. தகுதி இல்லைன்னு வந்துச்சு. அப்பா எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. கடக்காரரு அடுத்த ஆள வரச் சொன்னாரு. “இன்னொருக்க அமுக்கிப் பாருங்க தம்பி”ன்னாரு அப்பா. அமுக்குனாரு. “இன்னொருக்க.” கடக்காரரு ச்சுன்னு சொல்ல, அப்பா அந்தாளு தோளத் தொட்டு, கெஞ்சல, ரொம்பத் தன்மையா, “ஒரேயொருக்க”ன்னாரு. அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது அவ அழுகல, எரிஞ்சா. ஏன் இல்லன்னு ஒரு வரி சொல்லக்கூடாதா, எங்க போயிக் கேக்கணும்னு ஒரு வரி, எவன்டா இத எழுதுனவன், ரெண்டு வார்த்தையில மூஞ்சியில கதவச் சாத்துறவன், அவன் கையில கெடச்சான்னா. கெடச்சுட்டா. அதே ரெண்டு வார்த்த. செவப்பு எழுத்து. செவப்ப எடுத்துப் போட்டவளே அவதான், அது எடுப்பா இருந்துச்சு.

மடியில லேப்டாப் இருந்துச்சு. தெறந்தா. தேட வேண்டியதே இல்ல, நேரா அந்த எடத்துக்கே கண்ணு போயி உக்காந்துச்சு, நாப்பத்தாறாவது வரி. அங்க ஒரு வரி சேத்தா முடிஞ்சு போச்சு. வெளியேறுறதுக்கு முன்னால திருப்பிக் குடு. அவ்வளவுதான், இருவது எழுத்து கூட இருக்காது. பன்னெண்டு மணிக்கு சைட்டு தெறக்கும், ஓடும், சாயங்காலத்துக்குள்ள ஆயிரத்து எரநூறு பேரும் எடுத்துருவாங்க, தவசிலிங்கத்த அனுப்புனாங்க சைட்டு சரியாப் போச்சுன்னு ஊரு சொல்லும், போட்டோ போர்டுலயே இருக்கும். முத்திருளனுக்குத் தெரியாது. நஸீமாவுக்குத் தெரியாது. இந்தப் பத்துக் கணக்கு ஒலகத்துல ஒருத்திக்குத்தான் தெரியும். விரலு கீபோர்டு மேல நிக்குது. நல்லாருக்குடி ஒன் நியாயம். ரோடு போட்டவனத் திட்டுன, பாலம் கட்டுனவனத் திட்டுன, ஊமையா நிக்காதன்னு உள்ள இருக்குற ஆளத் திட்டுன, இப்ப நீ என்ன பண்ணப் போற, வாளியக் கட்டிலுக்கடியில வச்சுக்கிட்டு வார்டன்கிட்ட அடுத்த ரூமக் கைகாட்டப் போறியா. சரி பண்ணிட்டுப் போயிச் சொன்னா? சரி பண்ணிட்டா சாட்சி போயிரும். ஓடுற சைட்டக் காட்டி இது ஓடலன்னு எப்படி நிரூபிக்கிறது. அவ கைய எடுத்துட்டா. வரி அப்படியே கெடக்கட்டும், தப்பாவே கெடக்கட்டும்.

கதவு தெறந்துச்சு. தவசிலிங்கம் வெளிய வந்தாரு. சத்தமே இல்லாம வந்தாரு, அதான் என்னமோ மாதிரி இருந்துச்சு, அப்புறந்தான் தெரிஞ்சுச்சு, இடுப்புல சாவி இல்ல.

“ரொம்ப நேரமா உக்காந்திருக்கியாம்மா?” கொரல்ல ஒரு கோவம் கெடையாது, அது இன்னும் மோசம். “பத்த இருவதாக்கி வச்சிருக்கேன். மெஷின் எவ்வளவு தாங்கும்னு தெரியல. மத்தவங்களுக்கு இன்னும் தெறந்து விடல, பன்னெண்டுக்குத்தான். அது வரைக்கும் ஒனக்கு மட்டும் வரும். எங்கயோ ஒரு எடத்துல எடுத்தது திரும்பி வர மாட்டேங்குதும்மா, ஒருக்காப் பாத்துரு.”

“அத உள்ள சொன்னீங்களா?”

“சொல்லி? டிப்ளமா சொல்லி டாக்டரு கேக்கவா?” சிரிச்சாரு. அதே சிரிப்பு. பஞ்சவர்ணக்காவப் பாத்துத் தலைய ஆட்டிட்டு, வராண்டாவுல நடந்தாரு, சத்தமே இல்லாம.

உள்ள ஏசி, மல்லியப்பூ ரூம் ஸ்பிரே, கண்ணாடி மேச. மேச மேல அவ லெட்டரு, அது பறக்காம இருக்க அது மேல சாவிக்கொத்து. “வாம்மா குருலட்சுமி, உக்காரு”ன்னாரு செல்வின் சார். “ரொம்ப கிளியரா எழுதிருக்க. உன்ன மாதிரி நாலு ஸ்டூடன்ட்ஸ் இருந்தாப் போதும்.”

“லெட்டர் தப்பு சார்.”

“ஸ்பெல்லிங்கா? பரவால்ல.”

“ஆளு தப்பு சார். தப்பு எம்மேல. என் கோடிங்ல.”

செல்வின் சார் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. “பாவம் பாக்குற. நல்ல மனசு. ஆனா அட்மினிஸ்ட்ரேஷன்ல இது...”

“பாவம் பாக்கல சார். நாப்பத்தாறாவது வரியப் பாத்தேன்.”

“இங்க பாரும்மா. அடுத்த மாசம் அங்கீகாரத்துக்குக் கமிட்டி வருது. வாசல்ல உன் போட்டோவ மாட்டி வச்சிருக்கேன். இப்பப் போயி நீ ‘எம்மேல தப்பு’ன்னா அது உன் தப்பா? டிபார்ட்மென்ட் தப்பு.”

“அப்ப டிபார்ட்மென்ட் தப்புன்னே எழுதுங்க. ஒரு ஆளு பேரப் பதினோரு எடத்துல எழுதுறதுக்கு அது சுருக்கந்தான.”

“கொரல ஒசத்தாத.”

ஒசந்துதான் இருந்துச்சு. ஒசராம என்ன செய்யும். நாலு வருஷமா அவ சரின்னு நின்ன எடத்துலயெல்லாம் தப்பு தப்புன்னு உக்கார வச்சாங்க, இன்னைக்கு ஒரு நாளு தப்புன்னு வந்து நிக்கிறா, அதையும் நம்ப மாட்டேங்குறாங்க, தப்பு பண்ணுனேன்னு ஒத்துக்குறதுக்குக்கூட இங்க சண்ட போட வேண்டியிருக்கு. லேப்டாப்ப மேச மேல வச்சா. எடம் பத்தல, சாவிய ஓரமாத் தள்ளுனா, அது ஜல்லுன்னுச்சு. சைட்டத் தெறந்தா. மெக்கானிக்கல் லிஸ்ட்டுல முத்திருளன் நம்பர எடுத்துப் போட்டா. “எண்ணுங்க சார்.”

அமுக்குனா. தகுதி இல்லை. “ஒண்ணு.” அமுக்குனா. தகுதி இல்லை. “ரெண்டு.” ஏழாவது தடவ செல்வின் சார், “சரிம்மா, புரியுது, விடு”ன்னாரு. அவருக்கு ஒண்ணும் புரியல. எட்டு. ஒம்பது. பத்துல நிப்பாட்டி அவரப் பாத்தா. “காலையில இவ்வளவுதான் சார் இருந்துச்சு, பதினொண்ணுல படுத்துருச்சு. இப்ப அவரு இருவதாக்கிட்டுப் போயிருக்காரு. இன்னும் பத்து தடவ நீங்க பொறுத்துக்கணும்.” அமுக்குனா. ஒவ்வொரு அமுக்குக்கும் அந்தச் செவப்பு மூஞ்சியில அடிக்குற மாதிரி வந்துச்சு, தகுதி இல்லை, தகுதி இல்லை, இன்னொருக்க அமுக்குங்க தம்பி, தகுதி இல்லை. பதினெட்டு. பத்தொம்பது. இருவது, அதுக்கும் ஒடனே பதில் வந்துச்சு. ஒரு நொடி அவளுக்குச் சந்தேகம், ஒருவேள நம்ம கணக்குத் தப்போ, ஒருவேள தப்பு நம்ம மேல இல்லையோ, அந்த நெனப்பு வந்த வேகத்துல உள்ள ஏதோ ஒண்ணு துள்ளுச்சு பாருங்க, அந்தத் துள்ளல அவளுக்கே பிடிக்கல. இருவத்தியொண்ணு அமுக்குனா.

வட்டம். வெள்ளத் திரையில வட்டம் சுத்துச்சு. சுத்துச்சு.

“பாத்தீங்களா சார்!” ஜெயிச்ச மாதிரியே கத்துனா, கதவுக்கு வெளிய பஞ்சவர்ணக்கா எந்திரிச்ச சத்தம் கேட்டுச்சு. “கூட்டம் இல்ல, மெஷின் இல்ல, அவரு இல்ல. நானு. எல்லா எடத்துலயும் எம்பேரப் போட்டுக்கங்க.”

செல்வின் சார் வட்டத்தப் பாத்தாரு. “சரி. இத இப்பச் சரி பண்ணு. பன்னெண்டுக்கு ஓப்பன் பண்ணணும்.”

“அந்த வரிய ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிருவேன் சார். ஆனா படுத்த சர்வர எழுப்ப எனக்குத் தெரியாது. அந்த ரூம்குள்ள நான் போனதே இல்ல. இந்தக் காலேஜுல அது ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.”

செவுத்துக் கெடிகாரத்துல மணி பதினொண்ணு அம்பத்தி ரெண்டு. செல்வின் சார் கண்ணு கெடிகாரத்துக்குப் போச்சு, திரையில சுத்துற வட்டத்துக்கு வந்துச்சு, அப்புறம் மேச ஓரத்துல கெடந்த சாவிக்கு. “பஞ்சவர்ணம்”னாரு கடைசியில. “தவசிய... தவசிலிங்கத்தக் கூப்புடு.”

“அவரு சைக்கிள் ஸ்டாண்டத் தாண்டிருப்பாரு சார்”னுச்சு வாசல்ல இருந்து.

“நீங்க ஒட்டுங்கக்கா, நான் போறேன்”னு குருலட்சுமி சாவிக்கொத்த அள்ளுனா. கனமா இருந்துச்சு, இத்தன வருஷம் ஒரு மனுசன் இதத் தூக்கிக்கிட்டா நடந்தாரு. வராண்டாவுல ஓடுனா, ஜல்ஜல்னு மாடு ஓடுற மாதிரி, போர்டத் தாண்டி, தன் போட்டோவத் தாண்டி, படியில ரெண்டு ரெண்டா எறங்கி. வெயில்ல அவரு சைக்கிளத் தள்ளிக்கிட்டு கேட்டுகிட்டப் போயிட்டாரு. என்ன சொல்றதுன்னு ஒண்ணும் தோணல, மன்னிப்புங்கிற வார்த்தைய அவ வாய் எப்பவும் சொல்லிப் பழகுனதில்ல. அதனால தெரிஞ்ச ஒரே மாதிரியில, சண்டைக்குக் கூப்பிடுற மாதிரியே, காலேஜு பூரா கேக்கக் கத்துனா.

“அண்ணே! நில்லுங்கண்ணே! எங்க போறீங்க, நீங்க சொன்னதுதான் சரி!”